டூரிங் பைக்குக்கு ஃபியூயல் பாக்ஸ் மாட்டலாமா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

போன மாதம் பண்ணாரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் டாப் பாக்ஸ், டேங்க் மேல் ஒரு பை. மைசூர் வழியாகக் கூர்க் போகிறாராம். "அண்ணே, டாப் கியர்ல அறுபதுல போனா வண்டி உதறுது. ஃபியூயல் பாக்ஸ் மாட்டுனா சரியாயிடும்னு சொல்றாங்க. மாட்டலாமா?" என்று கேட்டார். நான் எழுந்துபோய் அவர் வண்டியின் ஆக்சிலேட்டரை இரண்டு விரலால் மெல்ல ஆட்டிப் பார்த்தேன். கேபிள் பிடிப்பதற்கு முன்னாலேயே கைப்பிடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சும்மா சுற்றியது. பெரும்பாலான வண்டிகளில் அது 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கவேண்டும். டீ ஆறுவதற்குள் அட்ஜஸ்டரைத் திருகி லாக் நட்டை இறுக்கிவிட்டோம். திம்பத்தின் 27 வளைவையும் ஏறி முடித்து ஆசனூரிலிருந்து போன் செய்தார்: "அண்ணே, பாதி உதறல் போயிடுச்சு."

மீதிப் பாதியைத் தேடுவதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஃபியூயல் பாக்ஸ் (இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவை மாற்றும் டப்பா), ஈசியு (இன்ஜினை நிர்வகிக்கும் கணினி) டியூனிங், த்ராட்டில் கிட் என்று விற்கும் எதையும் நான் வெறுப்பவன் அல்ல. அவற்றில் இரண்டு மூன்று உண்மையாகவே நீண்ட பயணத்தைச் சுகமாக்கும். ஆனால் அவற்றைத் தேடி வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வண்டியில் இருப்பது பராமரிப்புக் கோளாறு. கோளாறை அப்படியே வைத்துக்கொண்டு மேலே பாக்ஸை மாட்டினால், சாலையில் நின்றுபோகும் நாளன்று எது கெட்டது என்றே தெரியாது. அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

பாக்ஸ் உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கார்புரேட்டர் காலத்தில் வண்டி இழுக்கவில்லை என்றால் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றிப் போடுவோம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த வேலையை ஈசியு செய்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் கார்புரேட்டரோடு வந்த அதே 411 சிசி இன்ஜின் 2017-ல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. இன்ஜின் ஒன்றுதான், அதைத் தேற்றும் முறை முற்றிலும் வேறு.

ஈசியு எத்தனை காற்று உள்ளே வருகிறது, அது எவ்வளவு சூடாக இருக்கிறது, த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திறக்கும் காற்று வால்வு) எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்றெல்லாம் பார்த்து, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சில மில்லி செகண்டு திறந்து மூடுகிறது. சுத்தமான பெட்ரோல் 1 கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அதிகபட்ச இழுவை வேண்டுமென்றால் 13-ஐ ஒட்டிய ரிச்சான, அதாவது பெட்ரோல் மிகுந்த, கலவை வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவை லீன். புகை விதிகளுக்காக, சீராக ஓடும்போது வண்டி அந்த 14.7-ஐ ஒட்டியே நிற்கும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் "ரிச், லீன், ரிச், லீன்" என்று ஓயாமல் ஈசியுவிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஈசியு அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும். ஐடிலிங்கிலும் ஒரே வேகத்தில் போகும்போதும் நடப்பது இதுதான். முழுதாக முறுக்கினால் ஈசியு சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன்னுள் இருக்கும் அட்டவணைப்படி ரிச்சாக ஊற்றும். இந்த இரண்டு நிலைகளை மனதில் வையுங்கள். கீழே திரும்பத் திரும்ப வரும்.

இப்போது பாக்ஸ்களுக்கு வருவோம். மலிவானது, காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரைப் பொய் சொல்ல வைக்கிறது. காற்று 20 டிகிரி குளிர்ச்சியாக இருக்கிறது என்று காட்டினால், குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்று நம்பி ஈசியு 6, 7 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். அடுத்த வகை ஆக்சிஜன் சென்சாரின் சேதியையே மாற்றிச் சொல்லும். மூன்றாவது, ஈசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்காரும் பிக்கிபேக் பெட்டி. பெங்களூரில் தயாராகும் பவர்ட்ரானிக் இந்த ரகம். இதில் பெட்ரோல் மட்டுமல்லாமல் ஸ்பார்க் நேரத்தையும் மாற்ற முடியும். நான்காவது, ஈசியுவின் அட்டவணையையே புதிதாக எழுதுவது.

முதல் வகையில் ஒரு சிக்கல் உண்டு. சீராக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் விழித்திருக்கிறது. கூடுதலாக ஊற்றிய பெட்ரோலை அது மோப்பம் பிடித்து "ரிச்" என்று சொல்லும். ஈசியு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும். மாட்டிய முதல் நாள் வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டி மூன்றாம் நாள் பழையபடி ஆவதற்கு இதுதான் காரணம்.

இனி அறிகுறிகள்.

அறிகுறி 1: டாப் கியரில் சீராகப் போகும்போது உதறல்

மிகுதியாகக் கேட்கும் புகார் இது. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, எத்தனை ஆர்பிஎம்மில்? ஒற்றை சிலிண்டர் வண்டியில் பெட்டி, பில்லியன் (பின்னால் உட்காருபவர்), தண்ணீர்க் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு டாப் கியரில் 2500 ஆர்பிஎம்மில் போனால் உதறத்தான் செய்யும். ஒரு கியர் இறக்குங்கள். உதறல் போய்விட்டால் வண்டியில் கோளாறே இல்லை, கியரைத்தான் மாற்றவேண்டும்.

கியர் இறக்கியும் உதறினால் ஆக்சிலேட்டர் ப்ளேவைப் பாருங்கள், அதாவது கேபிள் பிடிக்குமுன் கைப்பிடி சும்மா சுற்றும் அளவு. அடுத்தது செயின். இங்கேதான் டூரிங் வண்டிக்காரர்கள் தவறுகிறோம். செயின் தளர்வை ஒரே இடத்தில் அளந்துவிட்டு "சரியா இருக்கு" என்று விட்டுவிடுகிறோம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிச் சுற்றி நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 25 மில்லிமீட்டர் ஆடி இன்னோரிடத்தில் 40 ஆடினால், அந்தச் செயின் சீராக நீளவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் சுற்றும்போதெல்லாம் ஒரு இழுப்பு, ஒரு விடுப்பு வரும். சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெட்ரோல் கோளாறு மாதிரியேதான் தெரியும். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி.

அதோடு பின்சக்கர ஹப்பில் இருக்கும் ரப்பர்களையும் பாருங்கள். செயின் ஸ்பிராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் தொளதொளவென்று ஆடினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. விலை சில நூறு ரூபாய். அதை மாற்றியதும் வண்டியே வேறு வண்டியான மாதிரி இருந்தது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். என்னிடம் இருந்த 400 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியில் இதே உதறல். ஆன்லைனில் ஒரு வெப்ப சென்சார் பாக்ஸ் வாங்கி மாட்டினேன். வால்பாறை போய் வந்தேன். போகும்போது அருமை, வரும்போது பழைய உதறல், மைலேஜ் 31-லிருந்து 28. கோயம்புத்தூரில் ஒரு பழைய மெக்கானிக் த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, "மடக்கிப் பாருங்க சார்" என்றார். நேராக வைத்தால் பளபளவென்று நல்ல ரப்பர். கட்டைவிரலால் மடக்கியதும், கீழ்ப்பக்கத்தில், கிளாம்ப் உட்காரும் விளிம்பை ஒட்டி, நகக்கண் நீளத்துக்கு ஒரு விரிசல் வாயைத் திறந்தது. அதன் வழியாகக் கணக்கில் வராத காற்று இத்தனை நாளாக உள்ளே போயிருக்கிறது. ரப்பரை மாற்றினோம், பாக்ஸைக் கழற்றினோம். உதறலும் போனது, மைலேஜும் திரும்பியது.

அந்த விரிசலை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஐடிலிங்கில் விட்டு, பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயால் மேனிஃபோல்டைச் சுற்றி மெல்லத் தெளியுங்கள். ஓரிடத்தில் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். கார்ப் கிளீனர் அடித்தும் பார்க்கலாம் என்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

இத்தனையும் பார்த்தபிறகும், 3000 முதல் 4000 ஆர்பிஎம்முக்குள், ஆக்சிலேட்டரை அசைக்காமல் பிடித்திருக்கும்போது வண்டி தானாக ஏறி இறங்குகிறதா? அது லீன் கலவையால் வரும் அலைச்சல். இந்த ஒரு நிலையில் பெட்ரோல் திருத்தம் பலன் தரும். ஆனால் மேலே சொன்னபடி வெப்ப சென்சார் பாக்ஸ் இதைத் தீர்க்காது, ஆக்சிஜன் சென்சார் அதை அழித்துவிடும். சீராக ஓடும் நிலையையே மாற்றக்கூடிய இரண்டாவது வகையோ, ஆக்சிஜன் சென்சாரையும் சேர்த்துக் கையாளும் மூன்றாவது, நான்காவது வகையோதான் உதவும்.

அறிகுறி 2: ஆக்சிலேட்டரை மூடித் திறந்தால் வெட்டி இழுக்கிறது

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்குள் ஆக்சிலேட்டரை மூடி, வளைவின் நடுவில் மெல்லத் திறக்கும்போது "டக்" என்று ஒரு வெட்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் நம் ஹெல்மெட்டில் வந்து மோதும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் இது 70 முறை நடந்தால் இரண்டு பேருக்கும் கழுத்து வலிதான்.

காரணம் இதுதான்: ஆக்சிலேட்டரை முழுதாக மூடி வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது ஈசியு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. மறுபடி திறக்கும்போது எரிப்பே இல்லாத நிலையிலிருந்து திடீரென்று எரிப்பு தொடங்குகிறது. இது வண்டியின் குணம். பி.எஸ்.6 (கடுமையான புகை விதி) வண்டிகளில் கலவை இறுக்கமானதால் இன்னும் கூர்மையாகத் தெரியும். இருந்தாலும் ஆக்சிலேட்டர் ப்ளேவும் செயின் தளர்வும் இதை இரட்டிப்பாக்கும் என்பதால் அவற்றைச் சரிசெய்துவிட்டே மேலே போங்கள்.

அதன்பிறகு, செலவில்லாத வழி ஓட்டும் முறையில் இருக்கிறது. வளைவுக்குள் ஆக்சிலேட்டரை முழுதாக மூடாமல் ஒரு நூலளவு திறந்தே வைத்து, பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு திரும்புங்கள். பெட்ரோல் அறுபடாது, வெட்டும் வராது. ஒரு கியர் மேலே வைத்துத் திரும்பினாலும் வெட்டு மழுங்கும்.

செலவு செய்ய மனமிருந்தால் இங்கே செய்யலாம், நான் ஆதரிக்கிறேன். கேபிள் த்ராட்டில் வண்டிகளுக்கு, கேபிள் சுற்றும் உருளையின் வடிவத்தை மாற்றிய த்ராட்டில் டியூப் கிடைக்கிறது. முதல் சில டிகிரி திருகலுக்கு வால்வு மெதுவாகத் திறக்கும், பிறகு வேகம் பிடிக்கும். பெரிய சங்கதி எதுவும் இல்லை, ஒரு பிளாஸ்டிக் குழாய், ஆனால் நாள் முழுவதும் மலையில் ஓட்டுபவருக்கு அது கொடுக்கும் நிம்மதி பெரியது. த்ராட்டில் வால்வு ஒரு வட்டத் தகடு. 80 கி.மீ. வேகத்தில் சமவெளியில் போக அது கால்வாசிகூடத் திறக்கத் தேவையில்லை. நாள் முழுக்க நாம் வேலை செய்வது அந்த முதல் கால்வாசியில்தான், அதனால் அங்கே நிதானம் வேண்டும்.

இதே கடையில் கால் சுற்று த்ராட்டில் என்று ஒன்று விற்பார்கள். கொஞ்சம் திருகினாலே முழுதாகத் திறக்கும். ரேஸ் டிராக்கில் மணிக்கட்டை மிச்சப்படுத்த அது வந்தது. பெட்டியும் பில்லியனும் ஏற்றிய வண்டியில், ஈரச் சாலையில் அது ஆபத்து. மாட்டாதீர்கள்.

ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வெஞ்சர் போன்ற ரைடு பை வயர் வண்டிகளில் கேபிள் கிடையாது. அவற்றுக்கு த்ராட்டில் பூஸ்டர் என்று ஒரு டப்பா வருகிறது. அது ஒரு சொட்டுப் பெட்ரோலையும் கூட்டாது, ஒரு குதிரைத்திறனையும் கூட்டாது. நீங்கள் 20 சதவீதம் திருகினால் 40 என்று ஈசியுவிடம் சொல்லும், அவ்வளவுதான். பிக்கப் கூடிய மாதிரி தோன்றுவது அதனால். முழுதாகத் திருகினால் பழைய வண்டிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. டூரிங்குக்கு நேர்மாறாகச் செய்வதுதான் நல்லது: வண்டியிலேயே இருக்கும் மழை மோட், எகோ மோட் ஆகியவற்றை மலையில் போட்டுப் பாருங்கள். வெட்டு எவ்வளவு அடங்குகிறது என்பதைப் பார்த்தால் எதுவும் வாங்கத் தோன்றாது.

அறிகுறி 3: ஏற்றத்தில் இன்ஜின் "கடகட" என்று தட்டுகிறது

இதைத் தள்ளிப்போடக் கூடாது. டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம், அதுவும் டாப் கியரில் ஏற்றத்தில் முறுக்கும்போது மட்டும் வந்தால், பெட்ரோல் தானாக வெடிக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்தால் பிஸ்டன் போகும்.

உடனே செய்யவேண்டியது: ஒரு கியர் இறக்கி, ஆர்பிஎம்மை ஏற்றி, ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். ஹிமாலயன் 411, இன்டர்செப்டர் 650 ஆகியவற்றின் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 9.5:1தான், சாதாரண பெட்ரோலில் தட்டக்கூடாது. தட்டினால் ஹெட்டில் கரி, லீன் கலவை, அளவுக்கு மீறிய சூடு இவற்றில் ஒன்று. ஹிமாலயன் 450-ல் கம்ப்ரெஷன் 11.5:1. அந்த மாதிரி வண்டிகளில் மோசமான பங்க்கில் போட்ட பெட்ரோலே காரணமாக இருக்கலாம். டேங்க் பாதி ஆனதும் நல்ல பங்க்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பாருங்கள். அதோடு நின்றால் வண்டி தப்பு இல்லை.

பிக்கிபேக் மாட்டிய பிறகு தட்டல் தொடங்கியதென்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்பார்க் நேரத்தை அளவுக்கு மேல் முன்னே தள்ளியிருக்கிறார்கள். சென்னையில் தனி ஆளாக ஓட்டிப் பார்த்து எழுதிய அட்டவணை, சேலம் வெயிலில் இரண்டு பேரும் மூன்று பெட்டியுமாக ஏற்காடு ஏறும்போது பொருந்தாது. கம்பெனி கொடுத்த ஸ்டாக் அட்டவணைக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

அறிகுறி 4: முக்கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சுத் திணறி நிற்கிறது

ஐந்து நிமிடம் நின்றால் மறுபடி ஓடுகிறது. இதைப் பெட்ரோல் போதவில்லை என்று சரியாகவே புரிந்துகொண்டு, தவறான மருந்தாக ஃபியூயல் பாக்ஸ் வாங்குகிறார்கள்.

நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் விடை கிடைத்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும், வரவில்லை. டேங்குக்குக் காற்று விடும் பிரீதர் குழாய் மடங்கியிருக்கும், மண் அடைத்திருக்கும். டூரிங்கில் இன்னொரு காரணம் உண்டு: மழை உறையோடு இறுக்கிக் கட்டிய டேங்க் பை, மூடியின் காற்றுத் துவாரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பையை இரண்டு விரல் முன்னால் தள்ளிக் கட்டுங்கள்.

புஸ் வரவில்லை என்றால் பம்ப், ஃபில்டர். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் 3 பார் அழுத்தம் தரவேண்டும், கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் பம்பை மாற்றச் சொல்பவரிடம் மாற்றாதீர்கள். வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் இப்போது இது முன்னைவிட அதிகம்.

எத்தனால் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். எனவே இ10-க்கு (10 சதவீதம் எத்தனால்) எழுதிய அட்டவணையில் இ20 (20 சதவீதம்) ஊற்றினால் கலவை சுமார் 4 சதவீதம் லீன் ஆகும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி, சீராக ஓடும்போது இதைத் தானே திருத்திக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி இல்லை, ஜெட்டை ஏற்றுவது அங்கே நியாயமான வேலை. எத்தனாலில் சக்தியே குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்குவதை எந்தப் பாக்ஸாலும் மீட்க முடியாது.

அறிகுறி 5: சிக்னலில் ஆஃப் ஆகிறது, ஐடிலிங் ஏறி இறங்குகிறது

த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பாருங்கள். தகட்டின் விளிம்பில் கருப்பாகப் பசை மாதிரி படிந்திருக்கும். கிளீனர் போட்டுத் துணியால் துடையுங்கள், கம்பியோ உப்புத்தாளோ வேண்டாம். ஐடில் வால்வும் அதோடு சுத்தமாகட்டும். முத்திரை வைத்த ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். துடைத்தபின் உங்கள் மாடலுக்குச் சொல்லப்பட்ட த்ராட்டில் ரீசெட் முறையைச் செய்யுங்கள். பேட்டரியும் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கட்டும். பத்தில் எட்டு வண்டி இதோடு சரி.

அறிகுறி 6: இறக்கத்தில் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது

லீனாக இருக்கிறது, பெட்ரோலைக் கூட்டு என்பார்கள். முதலில் சிலிண்டர் ஹெட்டில் சைலன்சர் சேரும் இடத்தின் பேக்கிங்கைப் பாருங்கள். ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே காற்று உள்ளே போகிறது. புகையைக் குறைக்க சைலன்சர் வாய்க்குள் புதுக்காற்று விடும் வால்வும் பல வண்டிகளில் உண்டு, லேசான வெடிப்பு அதனால் வருவது இயல்பு. புகையைத் தடையில்லாமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டியபின் தொடங்கியதென்றால் காற்றோட்டம் உண்மையாகவே மாறியிருக்கிறது. டைனோவில் (வண்டியை நிற்கவைத்து இழுவையை அளக்கும் மேடை) ஏற்றி, கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வைத்து அட்டவணையைத் திருத்துவது இங்கே தேவையான வேலை. அதையும் செய்யாமல் சத்தத்துக்காக மட்டும் சைலன்சர் மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அறிகுறி 7: உயரமான இடத்தில் இழுவை இல்லை

ஊட்டி 2240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. லடாக்கின் கர்துங் லா கணவாய் 5359 மீட்டர், அங்கே பாதிக்குச் சற்று மேல்தான் காற்று. இழுவையும் அந்த அளவுக்கே இருக்கும். 24 குதிரைத்திறன் வண்டி அங்கே 14 போல ஆகிவிடும். கார்புரேட்டர் வண்டிக்கு இதோடு கலவை ரிச்சாகிக் கரியும் கக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். இல்லாத காற்றுக்குப் பெட்ரோலைக் கூட்டும் பாக்ஸ் அங்கே இடைஞ்சல்தான். லடாக் போகிறவர்கள் கழற்றிவிட்டுப் போவது நல்லது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது எத்தனையோ மேல்.

அறிகுறி 8: மாட்டிய பிறகு வந்த கோளாறுகள்

மைலேஜ் குறைவு. இது டூரிங்கில் வெறும் பணக்கணக்கு அல்ல. மணாலி–லே சாலையில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று பலகை இருந்தது எல்லா ரைடருக்கும் தெரியும். இன்டர்செப்டர் 650-ன் டேங்க் 13.7 லிட்டர். லிட்டருக்கு 28 என்றால் 383 கி.மீ., எட்டிவிடலாம். 26-க்கு இறங்கினால் 356, பங்க்குக்கு முன்னால் நிற்கும். பாக்ஸ் மாட்டுகிறவர் முதலில் போடவேண்டிய கணக்கு இது.

செக் இன்ஜின் விளக்கு. சென்சாரைப் பொய் சொல்ல வைக்கும் பாக்ஸ்களில் வரும். பாக்ஸைக் கழற்றி அசல் கனெக்டரை மாட்டி, ஈசியுவில் பதிவான பிழைக் குறியீட்டை அழியுங்கள். திரும்ப வரவில்லை என்றால் குற்றவாளி தெரிந்துவிட்டது. மலிவான பாக்ஸில் உள்ளே இருப்பது ஒரே ஒரு ரெசிஸ்டர். அது சென்னை வெயிலில் அதிகமாகவும் ஊட்டிக் குளிரில் கொஞ்சமாகவும் பொய் சொல்லும். ஒரே பயணத்தில் வண்டி காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி ஓடுவது அதனால்தான்.

ஸ்பார்க் பிளக் கருப்பாகிறது, ஆயில் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை. அளவுக்கு மீறி ரிச். உடனே கழற்றி ஆயிலை மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் இன்ஜினைக் காக்காது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் தின்றுவிடும்.

மழையில் நின்றுவிடுகிறது. சீட் அடியில் பாக்ஸைச் சொருகி, கனெக்டரை மேல்நோக்கி விட்டிருப்பார்கள், தண்ணீர் அதில் தேங்கும். கனெக்டர் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டி, மின்சாரம் கடத்தாத டை எலக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கத்தான் உதவும்.

பலன் இருக்கிறதா என்று அளப்பது

உடம்பு சொல்வதை நம்பாதீர்கள், சத்தம் கூடினால் பிக்கப் கூடின மாதிரி தோன்றும். டாப் கியரில் 60-லிருந்து முழுதாக முறுக்கி 90 தொடும்வரை பின்னால் இருப்பவர் போனில் மீட்டரை வீடியோ எடுக்கட்டும். போக்குவரத்து இல்லாத நேராக இருக்கும் ஒரே சாலையில், போகும்போது மூன்று, வரும்போது மூன்று. வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் நொடிகளை எண்ணுங்கள். பாக்ஸோடும் இல்லாமலும் அரை நொடிக்குள் வித்தியாசம் என்றால் அது காற்றும் கையும் செய்தது. மைலேஜுக்கு, ஒரே பங்க்கில் ஒரே அளவு வரை நிரப்பி, மூன்று டேங்க் சராசரி. டயர் காற்றும் சுமையும் மாறக்கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. வாரன்டியும் கேள்விக்குறிதான்.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் வண்டிக்கு ஒரு பாக்ஸ் தேவை என்று அளந்து தெரிந்துகொண்டு மாட்டினால், கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு ஒரு வேலை இருக்கிறது. சீட்டைக் கழற்றி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, பாக்ஸை எடுத்துவிட்டு அசல் கனெக்டர்களை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். நான் முதல்முறை செய்தபோது 20 நிமிடம் ஆனது, எந்த ஒயர் எங்கே என்றே தெரியவில்லை. இப்போது கனெக்டர் ஒவ்வொன்றிலும் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்: வெள்ளைக்கு வெள்ளை, மஞ்சளுக்கு மஞ்சள். மழையில், இருட்டில், நான்கு நிமிடத்தில் முடிகிறது.